முகாமில் குடிநீர்: ஆறு வெள்ளைக் கிண்ணங்களின் கதை

சென்னைத் தீவுத்திடலை ஒட்டிக் குதிரைமீது அமர்ந்திருக்கும் சர் தாமஸ் மன்றோவின் சிலையை நம்மில் பெரும்பாலோர் பார்த்திருக்கிறோம். குதிரைக்குச் சேணமும் அங்கவடியும் இல்லையே என்று வியப்பவர்கள் உண்டு. அந்த மனிதர் எவ்வாறு இறந்தார் என்று கேட்பவர்கள் அதிகமில்லை. 1827-ஆம் ஆண்டில் அவர் சென்னை மாகாண ஆளுநர். பதவியை விட்டுத் தாயகம் திரும்புமுன், தாம் முன்பு கலெக்டராகப் பணியாற்றிய இன்றைய ராயலசீமைப் பகுதியை ஒருமுறை பார்த்து வரலாம் என்று பயணம் புறப்பட்டார். கூடாரங்கள், பணியாட்கள், பாதுகாப்புப் படையினர் ஆகியோருடன் ஒரு சிறிய ஊரே அவருடன் நகர்ந்தது. அந்த முகாமில் வாந்திபேதி தோன்றியது. ஜூலை 6-ஆம் நாள், பட்டிகொண்டா என்னும் ஊரில், காலையில் நலமாக எழுந்த ஆளுநர் அன்றிரவே உயிர்நீத்தார்.

மாகாணத்திலேயே உயர்ந்த பதவியில் இருந்தவருக்கு மருத்துவ உதவிக்குக் குறைவில்லை. ஆயினும் அந்நாளைய மருத்துவர்களுக்கு நோயின் காரணம் தெரியாது. அது கெட்ட காற்றினால் வருகிறது என்றே பலரும் நம்பினர். ஆளுநரானாலும் சிப்பாயானாலும், கூடாரத்தில் தங்குபவர் அருகிலிருக்கும் ஏரியையோ கிணற்றையோதான் நம்பவேண்டும். முகாமில் எந்த நீரைக் குடிக்கலாம், அதை எப்படி அறிவது என்ற கேள்விக்கு விடை காண அறிவியலுக்கு மேலும் ஏறத்தாழ நூறு ஆண்டுகள் பிடித்தன. அந்த விடையின் ஒரு பகுதி, இரும்புப் பெட்டிக்குள் அடங்கிய ஆறு வெள்ளைக் கிண்ணங்களில் இருந்தது.

தங்கலும் ஏரியும்

சென்னையின் மேற்குப் புறநகர்கள் ஏரிகளின் நாடு. செம்பரம்பாக்கம், புழல், அம்பத்தூர், கொரட்டூர், ஆவடி, பருத்திப்பட்டு என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகலாம். இவற்றின் நடுவே, கோட்டையிலிருந்து மேற்கே செல்லும் பெருவழியில், ஒரு நாள் நடைத் தொலைவில் இருக்கிறது பூந்தமல்லி. ஆங்கிலேயக் கம்பெனியார் காலத்தில் இவ்வூர் ஒரு படைநிலையம். கப்பலில் வந்திறங்கிய புதிய ஐரோப்பியச் சிப்பாய்கள் இங்குக் கொண்டுவரப்பட்டனர். நோயுற்ற படையினர் உடல் தேறுவதற்கும் இங்கு அனுப்பப்பட்டனர்.

படை நடக்கும்போது நீர் எப்படி வந்தது? சென்னைப் படையில் ஒவ்வொரு கம்பெனிக்கும் ‘பக்காலி’ எனப்பட்ட நீர் சுமப்பவர் ஒருவர் உண்டு. மாட்டின் முதுகில் இருபுறமும் தொங்கும் பெரிய தோற்பைகளில் அவர் நீர் கொண்டு வருவார். ஏரியில் மாடு இறங்கும். அதே துறையில் பை நிரம்பும். அங்கேயே முந்தின நாள் வந்த படையினர் குளித்திருப்பர், துணி துவைத்திருப்பர். தோற்பையின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவவும் இயலாது. நீர் சுமப்பவர் மீது குறை சொல்வதற்கில்லை. அவருக்கு வேறு துறை யாரும் காட்டவில்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஓர் ஊர் தன் குளத்தோடு பல தலைமுறைகளாகப் பழகியிருக்கும். குடிக்க ஒரு குளம், மாடு குளிப்பாட்ட ஒரு குளம் என்ற ஒழுங்கு பல ஊர்களில் இருந்தது. முகாம் என்பது ஒரே நாளில் தோன்றும் ஊர். ஆயிரம் பேர் மாலையில் வந்து சேர்வர். கழிவுக்கென்று இடம் ஒதுக்கப்பட்டிராது. இரவில் மழை பெய்தால் எல்லாம் வழிந்து பள்ளத்தை, அதாவது குடிநீர் எடுக்கும் இடத்தைச் சேரும். வந்தவர்களில் ஒருவர் நோயின் கிருமியை உடலில் சுமந்து வந்திருந்தால் போதும். அவருக்கே நோய் தெரியாமலும் இருக்கலாம். 1817-ஆம் ஆண்டு நவம்பரில், தலைமை ஆளுநர் ஹேஸ்டிங்ஸ் பிரபு புந்தேல்கண்டில் நடத்திச் சென்ற பெரும்படையின் முகாமில் வாந்திபேதி புகுந்தபோது, மருந்துகள் எதுவும் பயன்படவில்லை. முகாமைக் கலைத்து, வேறு இடத்தில் பெட்வா ஆற்றங்கரைக்குச் சென்ற பின்னரே நோய் தணிந்தது. காற்று மாறியதால் நோய் போயிற்று என்று அன்று கருதினர். நீர் மாறியது என்பதை எவரும் எண்ணிப் பார்க்கவில்லை!

1859-இல் நியமிக்கப்பட்டு 1863-இல் அறிக்கை தந்த அரசக் குழு ஒன்று, இந்தியாவிலிருந்த ஆங்கிலப் படையினரில் ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு 69 பேர் இறந்ததாகக் கணக்கிட்டது. இவர்களில் பெரும்பாலோர் போர்க்களத்தில் மடிந்தவர்கள் அல்லர். ஒவ்வொரு படைநிலையத்திலிருந்தும் வந்த விடைகளைத் தொகுத்து ஆராய்ந்து எழுதியவர், செவிலியர் பணியால் புகழ்பெற்ற பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார். அவர் சுட்டிய குறைகளில் குடிநீரின் நிலை முதன்மையான ஒன்று.

தெளிவு வேறு, தூய்மை வேறு

நம் முன்னோர் கலங்கிய நீரை அப்படியே குடித்தார்கள் என்று நினைக்கவேண்டாம். தேற்றாங்கொட்டையை மட்பானையின் உட்புறத்தில் தேய்த்து, அதில் நீரை ஊற்றிவைத்தால் சிறிது நேரத்தில் கலங்கல் அடியில் படிந்துவிடும். இது சங்க இலக்கியப் புலவர்களும் அறிந்த முறை. இதன் அறிவியல் எளியது. நீரில் மிதக்கும் களிமண் துகள்கள் எதிர்மின்னூட்டம் உடையவை. எனவே அவை ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு, படியாமல் மிதக்கின்றன. தேற்றாங்கொட்டையிலிருந்து கரையும் பொருள்கள் அத்துகள்களை ஒன்றோடொன்று பிணைத்துத் திரளச் செய்கின்றன. திரண்டவை கனமாகி அடியில் இறங்குகின்றன. முருங்கை விதையும் இவ்வாறே செயல்படுவதைச் சூடான் நாட்டுப் பெண்கள் அறிந்து கையாண்டனர். நகர நீர்நிலையங்களில் படிகாரம் செய்யும் வேலையும் இதுவே.

துகள்களோடு சேர்ந்து கிருமிகளிலும் பெரும்பகுதி அடியில் படிந்துவிடும். ஆனால் எஞ்சியவை? பளிங்கு போன்ற ஒரு குவளை நீரில் ஓர் ஊரையே படுக்கவைக்கும் அளவுக்குக் கிருமிகள் மிதந்தாலும் நம் கண்ணுக்கோ நாவுக்கோ மூக்குக்கோ ஒன்றும் தெரியாது. தெளிந்த நீர் நல்ல நீர் என்று நம் புலன்கள் சொல்கின்றன. முகாம்களில் மாண்டவர்களில் பலர் இந்தச் சாட்சியத்தை நம்பியவர்களே.

1884-இன் தொடக்கத்தில் ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் காக், கல்கத்தாவின் ஒரு குளத்து நீரில் காலராக் கிருமியைக் கண்டு காட்டினார். குளத்தைச் சுற்றி வாழ்ந்தவர்களிடையே அப்போது நோய் பரவியிருந்தது. காரணம் கையில் கிடைத்துவிட்டது என்று நாம் நினைப்போம். ஆனால் இந்திய அரசின் சுகாதார ஆணையராக இருந்த கனிங்ஹாம் அதே ஆண்டில் இக்கருத்தை மறுத்து நூல் எழுதினார்! நோய் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுவதில்லை என்பது அவர் கொள்கை. பதவியில் இருப்போர் தம் கருத்தை மாற்றிக்கொள்ள எப்போதுமே நாளாகிறது.

கிருமிதான் காரணம் என்று ஏற்றுக்கொண்டவர்கள் அதைக் கொல்லும் வழியைத் தேடினர். ஆக்ராவில் அரசு வேதியல் ஆய்வாளராக இருந்த ஹான்கின், காலரா பரவும் ஊர்களின் கிணறுகளில் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டைக் கரைக்கச் சொன்னார். நீர் இளஞ்சிவப்பாக மாறும். மறுநாள் நிறம் மங்கும். இந்த முறை நாடெங்கும் பரவியது. முதியவர்கள் சிலர் கிணற்றில் சிவப்பு மருந்து போட்ட நாள்களை இன்றும் நினைவுகூர்வர். காலராக் கிருமியின்மீது இது ஓரளவு வேலை செய்ததேயன்றி மற்றக் கிருமிகளை நம்பத்தக்க முறையில் அழிக்கவில்லை. ஆகவே குடிநீருக்கு இம்முறை பின்னர் கைவிடப்பட்டது.

முகாம் நீரின் கேள்வியைத் தள்ளிப்போட முடியாமல் செய்தது தென்னாப்பிரிக்காவில் 1899 முதல் 1902 வரை நடந்த போயர் போர். காந்தியடிகள் அமைத்த இந்திய ஆம்புலன்ஸ் படையில் நேட்டாலின் தமிழ்த் தொழிலாளர்களும் பணியாற்றிய போர் அது. 1900-ஆம் ஆண்டில் ஆங்கிலப் படையினர் மாசடைந்த மாடர் ஆற்று நீரைத் தாகம் தாங்காமல் குடித்தனர். அடுத்த சில வாரங்களில் புளூம்பாண்டீன் நகர மருத்துவமனைகள் டைபாய்டு நோயாளிகளால் நிரம்பி வழிந்தன. அப்போரில் எதிரியின் குண்டுக்கு இரையான ஆங்கிலப் படையினர் 8,000-க்கும் சற்றுக் குறைவு. நோயால் மடிந்தவர்களோ ஏறத்தாழ 13,000 பேர். தண்ணீரைக் கொதிக்கவைக்கும் கருவிகளும், பீங்கான் மெழுகுவர்த்தி போன்ற வடிகட்டிகளும் படையிடம் இருந்தன. எனினும், ஒரு பட்டாளம் முழுவதற்கும் கொதிக்கவைக்க விறகு ஏது? வடிகட்டிகளோ சேற்று நீரில் சிறிது நேரத்தில் அடைத்துக்கொண்டன; வழியில் விரிசலும் கண்டன.

இந்தியப் படை மருத்துவப் பணியில் இருந்த வின்சென்ட் நெஸ்பீல்டு என்ற இளம் மருத்துவர் 1903-இல் புதியதொரு வழியைக் கூறினார். குளோரின் வாயுவை ஈயப்பூச்சிட்ட இரும்புக் கலங்களில் அழுத்தி அடைத்துவைக்கலாம். அதை மெல்லிய துளை வழியே நீருக்குள் விட்டால் 10 முதல் 15 நிமிடத்துக்குள் கிருமிகள் மடியும். படையின் தண்ணீர் வண்டிகளுக்கு இது ஏற்றது என்றார் அவர். குளோரினை நீர்ம நிலையில் கையாண்டு குடிநீரைத் தூய்மை செய்யலாம் என முதன்முதலில் கூறியவர்களுள் அவரும் ஒருவர். அவருக்குக் கிடைத்த புகழ் மிகக் குறைவு. இதே முறையை அமெரிக்கப் படை மருத்துவர் டார்னால் 1910-இல் பெரிய அளவில் செய்து காட்டினார். பாடநூல்கள் பெரும்பாலும் அவரைத்தான் குறிப்பிடுகின்றன.

பெட்டிக்குள் ஓர் ஆய்வுக்கூடம்

வாயுக் கலங்களை ஒவ்வொரு முகாமுக்கும் கொண்டுசெல்வது எளிதன்று. எளிதில் கிடைத்தது பிளீச்சிங் பவுடர் எனப்படும் சலவைத்தூள். சுண்ணாம்பும் குளோரினும் சேர்ந்த வெண்ணிறத் தூள் இது. நீரில் கரைந்ததும் குளோரினை வெளியிடும். ஆனால் எவ்வளவு போடுவது? இங்குத்தான் இடர்ப்பாடு தொடங்கியது.

நீரில் கரைந்த குளோரின் நேரே கிருமியைத் தேடிப் போவதில்லை. எதிர்ப்படும் அழுகிய இலைச்சத்து, சேற்றிலுள்ள கரிமப் பொருள், அம்மோனியா, இரும்பு ஆகிய எல்லாவற்றோடும் வினைபுரிந்து செலவாகிறது. இவற்றுக்கெல்லாம் பங்கு கொடுத்தபின் எஞ்சுவதே நம்மைக் காப்பது. ஆழ்கிணற்று நீருக்குச் சிறிதளவு போதும். ஆடு மாடு இறங்கும் ஏரி நீருக்கு அதைப்போலப் பலமடங்கு வேண்டும். ஒரே ஏரியில்கூடக் கோடைக்கும் மழைக்கும் வேறுபாடு உண்டு.

மற்றொரு சிக்கலும் உண்டு. புதிய சலவைத்தூளில் ஏறத்தாழ 33 விழுக்காடு குளோரின் கிடைக்கும். டப்பாவைத் திறந்துவிட்டால், வெப்பமும் ஈரமும் ஒளியும் பட்டு நாளுக்கு நாள் அது குறையும். சென்னையின் புழுக்கத்தைச் சொல்லவே வேண்டாம். ஆக, நீரின் தேவையும் தெரியாது, தூளின் வலிமையும் தெரியாது. அறியாத இரண்டை வைத்துக்கொண்டு அளவை எப்படிக் கணிப்பது?

ஆங்கிலப் படை மருத்துவப் பிரிவைச் சேர்ந்த வில்லியம் ஹாராக்ஸ் இதற்கு விடை கண்டார். இவர் இந்தியாவில் பணியாற்றியவர். இரண்டாம் உலகப் போரில் பெயர்பெற்ற தளபதி பிரையன் ஹாராக்ஸ் இவருடைய மகன். 1895-இல் இமயமலைச் சாரலிலுள்ள ராணிகேத்தில் பிறந்தவர். தந்தை உருவாக்கிய கருவி முதல் உலகப் போரில் படைகளோடு சென்றது. பின்னர் இந்தியப் படை முகாம்களிலும், திருவிழாக்களிலும், பொதுச் சுகாதாரப் பணியிலும் இடம்பெற்றது.

ஹாராக்ஸ் பெட்டியைத் திறந்தால் ஆறு வெள்ளைக் கிண்ணங்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் 200 மில்லிலிட்டர் நீர் கொள்ளும். உட்புறம் வட்டக் கோடு இட்ட ஒரு கறுப்புக் கிண்ணம், 2 கிராம் தூள் கொள்ளும் உலோகக் கரண்டிகள், கண்ணாடிக் கலக்குக் கோல்கள், சொட்டு விடும் குழாய், ஸ்டார்ச்சும் அயோடைடும் சேர்ந்த காட்டிக் கரைசல் ஆகியவையும் இருக்கும். அவ்வளவுதான் ஆய்வுக்கூடம்.

முதலில் கறுப்புக் கிண்ணத்தில் ஒரு கரண்டி சலவைத்தூளை இட்டு, நீர்விட்டுக் குழைத்து, கோடு வரை நீர் சேர்த்துக் கரைக்கவேண்டும். தூள் படிந்ததும் மேலே தெளிந்து நிற்பதே மூலக்கரைசல். ஆறு வெள்ளைக் கிண்ணங்களிலும் ஏரி நீரை நிரப்பவேண்டும். முதற்கிண்ணத்தில் மூலக்கரைசல் 1 சொட்டு, இரண்டாவதில் 2 சொட்டு, இப்படியே ஆறாவதில் 6 சொட்டு விட்டு ஒவ்வொன்றையும் தனித்தனிக் கோலால் கலக்கி, அரைமணி நேரம் காத்திருக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு கிண்ணத்திலும் காட்டிக் கரைசல் 3 சொட்டு விடவேண்டும்.

சில கிண்ணங்கள் நிறம் மாறாமல் இருக்கும். அங்கெல்லாம் குளோரின் முழுவதும் செலவழிந்துவிட்டது என்று பொருள். சில கிண்ணங்களில் நீல நிறம் பளிச்சென்று தோன்றும். எஞ்சிய குளோரின் அயோடைடிலிருந்து அயோடினை விடுவிக்கிறது. அயோடின் ஸ்டார்ச்சுடன் கூடி நீலமாகிறது. (இதன் பின்பகுதியை வாசகர்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஆறிய சோற்றுக் கஞ்சியில் ஒரு சொட்டு டிங்சர் அயோடின் விடுங்கள், கருநீலம் தோன்றும். பார்த்தபின் கஞ்சியைக் கொட்டிவிடவும்.) நீலம் தெளிவாகத் தெரியும் முதற்கிண்ணம் எது என்று பார்க்கவேண்டும். அது மூன்றாவது கிண்ணம் என்றால், 3 கரண்டி, அதாவது 6 கிராம் சலவைத்தூள் 455 லிட்டர் நீருக்குத் தேவை. 455 லிட்டர் என்பது பழைய கணக்கில் 100 காலன். படையின் அளவைகளுக்கு ஏற்ப அமைந்த எண். பெருக்கலோ வகுத்தலோ தெரியாத படைவீரனும் எத்தனையாவது கிண்ணமோ அத்தனை கரண்டி என்று போட்டுவிடலாம்.

இதன் அழகு இதன் எளிமையில் மட்டும் இல்லை. ஹாராக்ஸ் சோதனைக்கெனத் தனியே தூய குளோரின் கரைசலைத் தரவில்லை. எந்தத் தூளைத் தொட்டியில் போடப்போகிறோமோ அதே தூள், எந்த நீரைக் குடிக்கப்போகிறோமோ அதே நீர், குடிக்குமுன் காத்திருக்கப்போகும் அதே அரைமணி! தூள் பழையதாகி வலிமை இழந்திருந்தால் நீலம் நாலாவது, ஐந்தாவது கிண்ணத்துக்குத் தள்ளிப்போகும். கரண்டியின் எண்ணிக்கை தானாகவே கூடும். ஆறு கிண்ணத்திலும் நீலம் தோன்றாவிட்டால், தூள் பயனற்றது அல்லது நீர் மிக மோசமானது. இரண்டும் அறிய வேண்டிய செய்திகளே. தெரியாத இரண்டையும் தனித்தனியே அளக்காமல், அவற்றை ஒன்றோடொன்று மோதவிட்டு, மோதலின் முடிவை மட்டும் படித்த இந்த உத்தியை வேதியியலின் நேர்த்தியான உத்திகளில் ஒன்றாகவே கருதவேண்டும்.

இதே காலத்தில் சென்னை நகரமும் இதே பாடத்தைப் பெரிய அளவில் கற்றுக்கொண்டிருந்தது. 1872 முதல் செங்குன்றத்திலிருந்து, அதாவது புழல் ஏரியிலிருந்து, திறந்த கால்வாய் வழியே கீழ்ப்பாக்கத்துக்கு வந்த நீர் வடிகட்டப்படாமலே வீடுகளுக்குப் போயிற்று. 1914-இல்தான் கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகள் இயங்கத் தொடங்கின. அவற்றை அமைத்த பொறியாளர் மேட்லியின் பெயரைத் தியாகராய நகரின் மேட்லி சாலை இன்றும் தாங்கி நிற்கிறது.

ஆவடியும் தில்லியும்

இரண்டாம் உலகப் போரின்போது ஆவடி பெரியதொரு படைத்தளமாயிற்று. போருக்குப் பின் 1955 ஜனவரியில், காங்கிரஸ் மாநாடு அங்கு நடந்தது. அதற்கென எழுப்பப்பட்ட தற்காலிக நகருக்குச் சத்தியமூர்த்தி நகர் என்று பெயர். சென்னை மேயராக இருந்து பூண்டி நீர்த்தேக்கத்துக்கு வழிவகுத்த அதே தீரர் சத்தியமூர்த்திதான் அவர். 1944-இல் நிறைவுற்ற அந்த நீர்த்தேக்கமும் அவர் பெயரையே கொண்டுள்ளது. சோசலிச பாணிச் சமுதாயம் என்ற தீர்மானத்துக்காக வரலாற்று நூல்கள் அம்மாநாட்டை நினைவுகூர்கின்றன. நம் பொருளுக்கு வேண்டியது வேறு: சில நாள்களுக்கென்று எழும் நகரம் எவ்வளவு பெரியதாக முடியும் என்பதற்கு அது ஒரு சான்று. இத்தகைய கூட்டங்களையும் திருவிழாக்களையும் மனத்தில் வைத்தே, 1939-இல் இயற்றப்பட்ட சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டத்தில் சந்தைகளுக்கும் விழாக்களுக்கும் தனியே விதிகள் வகுக்கப்பட்டன.

ஆவடி மாநாடு நடந்த அதே ஆண்டின் இறுதியில், குளோரினை முழுவதும் நம்பியிருந்தவர்களை உலுக்கிய நிகழ்ச்சி ஒன்று தலைநகரில் நடந்தது. யமுனை ஆற்றின் போக்கு மாறியதால், நஜாப்கர் வடிகாலின் கழிவுநீர், வஜீராபாத் நீரேற்று நிலையம் நீர் எடுக்கும் இடத்துக்கே பின்னோக்கி வந்துவிட்டது. நிலையத்தார் இதைக் கண்டுகொண்டனர். படிகாரத்தையும் குளோரினையும் கூட்டினர். அதன் பயனாக டைபாய்டோ வயிற்றுக்கடுப்போ பெருகவில்லை. எல்லோரும் பெருமூச்சு விட்டிருப்பர். ஆனால் சில வாரங்கள் கழித்து, 1955 டிசம்பரிலும் 1956 ஜனவரியிலும், தில்லியில் ஏறத்தாழ 29,000 பேருக்கு மஞ்சட் காமாலை கண்டது. கருவுற்ற பெண்களை அது கடுமையாகத் தாக்கியது.

அந்தக் காமாலைக்குக் காரணமான வைரஸ் எது என்பது அப்போது தெரியவில்லை. அது அறியப்பட்டதும் ஒரு முகாமில்தான்! ஆப்கானிஸ்தானில் முகாமிட்டிருந்த சோவியத் படையினரிடையே காமாலை பரவியபோது, பலயான் என்ற ருஷ்ய அறிஞர் நோயாளிகளின் கழிவிலிருந்து எடுத்த சாற்றைத் தாமே அருந்தி, நோயுற்று, தம் கழிவிலேயே அந்த வைரஸைக் கண்டு 1983-இல் வெளியிட்டார். இன்று அதை ஹெப்படைட்டிஸ் இ என்கிறோம். (இத்தகைய சோதனையை எவரும் பின்பற்ற வேண்டியதில்லை.) பின்னாளில், சேமித்து வைக்கப்பட்டிருந்த குருதி மாதிரிகளை ஆராய்ந்தபோது, தில்லியில் பரவியதும் அதுவே என்று தெரியவந்தது.

குளோரின் ஏன் தோற்றது? பாக்டீரியாவை அது கொன்றது. ஆனால் கழிவு கலந்த கலங்கல் நீரில், துகள்களுக்குள் பதுங்கியிருந்த வைரஸை அந்த அளவு குளோரின் எட்டவில்லை. தேற்றாங்கொட்டை மட்டும் போதாது என்று பத்தொன்பதாம் நூற்றாண்டு கற்றது. குளோரின் மட்டும் போதாது, முன்பே நீர் தெளிந்திருக்க வேண்டும் என்று இருபதாம் நூற்றாண்டு கற்றது. பாட்டி செய்த வேலையைச் சோதனைக்கூடம் ஒதுக்கிவிட முடியாமல் போனது சுவையான திருப்பம்தான்.

குளோரினுக்குப் பணியாத வேறு உயிர்களும் உள. அமீபாச் சீதபேதியை உண்டாக்கும் உயிரியும் ஜியார்டியாவும் தடித்த உறைக்குள் ஒடுங்கிக் கிடக்கும்போது, சாதாரண அளவுக் குளோரினைத் தாங்கும். கிரிப்டோஸ்போரிடியம் என்ற நுண்ணுயிரி அதைவிட வலியது. 1993-இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில், குளோரின் இடப்பட்ட குழாய்நீரிலேயே அது புகுந்து சுமார் 4 லட்சம் பேரை நோய்க்குள்ளாக்கியது. ஆனால் இவை அனைத்தும் கொதிநீரில் மடியும்.

இன்று கூடாரம் அடிப்போர்க்கு

இன்று அம்பத்தூரிலிருந்தும் ஆவடியிலிருந்தும் விடுமுறைக்குப் புறப்படுவோர் தடா, நாகலாபுரம் அருவிகளுக்கும் ஏலகிரிக்கும் போகிறார்கள். பண்ணை வீடுகளில் தங்குகிறார்கள். மாணவர்கள் நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களுக்குச் செல்கிறார்கள். திருத்தணிக்கும் திருப்பதிக்கும் நடந்து செல்வோரும் உளர். மலையருவி நீர் மாசற்றது என்ற எண்ணம் இவர்களில் பலருக்கும் உண்டு. அருவிக்கு மேலே யார் குளிக்கிறார்கள், என்ன மேய்கிறது என்று கீழே இருப்பவருக்குத் தெரியாது.

சிறு குழுவுக்குக் கொதிக்கவைப்பதே நல்லது. நீரைச் சிறிது நேரம் படியவிட்டு, மேல்நீரைப் பலமுறை மடித்த பழைய பருத்தித் துணியில் வடிகட்டுங்கள். இதை அற்பமாக எண்ணவேண்டாம். வங்காளதேச ஊர்களில் பழைய சேலையை மடித்து வடிகட்டியதாலேயே காலரா ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது என்று 2003-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. காலராக் கிருமிகள் நீரில் வாழும் நுண்ணிய மிதவை உயிர்கள்மீது ஒட்டிக்கொண்டிருப்பதால், அவ்வுயிர்களோடு அவையும் துணியில் தங்கிவிடுகின்றன. வடிகட்டிய நீர் தளதளவெனக் கொதித்தபின் ஒரு நிமிடம் போதும். உதகை போன்ற 2,000 மீட்டருக்கு மேற்பட்ட இடங்களில் மூன்று நிமிடம் வேண்டும். அங்குக் காற்றழுத்தம் குறைவு, நீர் 100 பாகைக்குக் கீழேயே கொதித்துவிடும். ஆறவைத்த நீரில் கை நனைத்து மொண்டால், செய்ததெல்லாம் வீணாகிவிடும். கைபிடி உள்ள அகப்பையால் எடுக்கவும், அல்லது குழாய் வைத்த கலத்தில் வைக்கவும்.

விறகோ அடுப்போ இல்லாதபோது குளோரின் மாத்திரை கைகொடுக்கும். நாகபுரியிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய அரை கிராம் மாத்திரை 20 லிட்டருக்குப் போதுமானது. சந்தையில் பல அளவுகளில் விற்கப்படுவதால் உறைமேல் அச்சிட்டதைப் படித்தே பயன்படுத்தவேண்டும். நீர் முன்பே தெளிந்திருக்க வேண்டும், அரைமணி பொறுக்கவேண்டும். அரைமணிக்குப்பின் இலேசான குளோரின் மணம் இருந்தால் அது நல்ல அடையாளம். பலர் அந்த மணத்தை வெறுத்து, பக்கத்திலிருக்கும் ‘இனிய’ கிணற்றுநீரைத் தேடிப் போகின்றனர். படைமுகாம்களிலும் இந்தத் தொல்லை இருந்ததால்தான், குடிக்குமுன் மணத்தை நீக்கும் உப்பு ஒன்றையும் நெஸ்பீல்டு பரிந்துரைத்தார்.

மேற்குப் புறநகர் வாசகர்களுக்குத் தனியே ஒன்று சொல்லவேண்டும். இங்கே கூறியவை அனைத்தும் கிருமிகளுக்கானவை. 1960-களில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை எழுந்தபின் இப்பகுதி ஏரிகளின் சூழல் மாறிவிட்டது. ஆலைக்கழிவு கலந்த நீரைக் கொதிக்கவைத்தால் உலோக உப்புகளும் நைட்ரேட்டும் போகமாட்டா. நீர் ஆவியாவதால் அவற்றின் செறிவு சற்றுக் கூடவே செய்யும். குளோரினாலும் பயனில்லை. அத்தகைய ஏரிகளின் கரையில் உலாவலாம், படகுத்துறை இருந்தால் படகில் போகலாம். குடிநீரை வீட்டிலிருந்து கொண்டுபோக வேண்டும்.

ஹாராக்ஸ் பெட்டியை இன்று மருத்துவ மாணவர்கள் செய்முறைத் தேர்வுக்காகக் கற்கிறார்கள். களத்தில் அதன் இடத்தைச் சிறிய சோதனைக் குழாய்கள் பிடித்துக்கொண்டன. சில காலம் ஆர்த்தோடாலிடின் என்ற கரைசலைச் சொட்டி மஞ்சள் நிறத்தைப் பார்த்தனர். அப்பொருள் உடல்நலத்துக்கு ஏற்றதன்று என்ற ஐயம் எழுந்தபின், இளஞ்சிவப்பு நிறம் தரும் வேறு மாத்திரை வந்துள்ளது. விழாக்காலங்களில் தொட்டிக் குழாயிலிருந்து சுகாதார ஆய்வாளர் ஒரு குழாயளவு நீரைப் பிடித்து, மாத்திரையைக் கரைத்து, நிற அட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார். லிட்டருக்கு அரை மில்லிகிராம் எஞ்சிய குளோரினைக் குறிக்கும் நிறம் தெரிந்தால், அவர் அடுத்த தொட்டிக்குப் போகிறார். நிறம் தெரியாவிட்டால் குழாயை மூடச் சொல்லி, சலவைத்தூளைக் கரைத்து ஊற்றி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அரைமணி நேரம் அங்கேயே நிற்கவேண்டும்.